சாட்டிலைட் பிடித்த ஸ்டீயரிங்

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை. டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் இருக்கிறேன். அண்ணன் போன் செய்தார்.

"அம்மிணி, நம்ம டிராக்டருக்குச் சாட்டிலைட் ஸ்டீயரிங் போடலாம்னு இருக்கறன். ஞாயித்துக்கெழம ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில், ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் என் பொறுப்பு. "சூப்பரா வந்திருக்குங்க மேடம்" என்று யார் எதை நீட்டினாலும், அதை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதுதான் என் வேலை. வீட்டிலும் அதே புத்திதான். தக்காளி வாங்கினால் கூடையின் அடியிலிருந்து எடுப்பேன். மாப்பிள்ளை போட்டோ வந்தால் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிறவர்களைப் பார்ப்பேன். அதனாலேயே எங்கள் சொந்தத்தில் யார் எதை வாங்கினாலும், "அம்மிணிகிட்ட ஒருக்காக் காட்டீரலாம்" என்பார்கள்.

சரி, சாட்டிலைட் ஸ்டீயரிங்கில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இருக்கிறது. என் அண்ணன் நாச்சிமுத்து தாராபுரம் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். மக்காச்சோளம், வெங்காயம், கொஞ்சம் தென்னை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் நேராக உழவுச் சால் ஓட்டுவதற்கு அவரைத்தான் சொல்வார்கள். எங்கள் பக்கம் வயலைக் காடு என்போம்; அவர் விதைத்த காட்டில் இந்தத் தலையில் நின்று பார்த்தால் அந்தத் தலை வரை நூல் பிடித்த மாதிரி இருக்கும். விதைப்பு சமயத்தில் அடுத்த ஊரிலிருந்தெல்லாம் வந்து கூட்டிப்போவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, நேராக ஓட்டுவதற்கு ஒரு மெஷின் எதற்கு?

"ஏனுங்கண்ணா, திடீர்னு?" என்றேன்.

"ஊரெல்லாம் வந்துட்டு இருக்குதம்மிணி."

"எந்த ஊர்லீங்?"

"நீ மொதல்ல வா." போனை வைத்துவிட்டார்.

யாரோ மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். ஏதாவது வீடியோ பார்த்திருப்பார். இல்லையென்றால் விற்கிறவன் பேச்சில் மயங்கியிருப்பார். விடக்கூடாது… ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

தோட்டத்தில் டெமோ ஆரம்பிக்கத் தயாராக இருந்தது. டீலரின் ஆள் கார்த்திகேயன் என்று ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட். என் கண் முதலில் அதில்தான் போனது. சைடு சீம், அதாவது பக்கவாட்டுத் தையல், முறுக்கிக்கொண்டு தொப்புள் பக்கம் வந்திருந்தது! துணியைச் சரியாக செட் பண்ணாமல் தைத்தால், கடையில் மடித்து வைத்திருக்கும்போது எல்லாம் நேராகத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாஷ் போட்டால் சுயரூபம் தெரியும். நேர்கோடு விற்க வந்தவர் சட்டையிலேயே கோடு கோணல். எப்படி நம்புவது?

டிராக்டரின் கூரை மேல் வெள்ளையாக ஒரு குமிழ், இட்லிக் குண்டான் மூடி மாதிரி. அதுதான் சாட்டிலைட்டோடு பேசுமாம். டிரைவர் சீட்டுக்கு எதிரே ஒரு டச் ஸ்கிரீன். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு மோட்டார். காட்டின் இந்த மூலையில் வண்டியை நிறுத்தி 'ஏ' என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அந்த மூலை வரை ஓட்டிப்போய் 'பி' என்று இன்னொரு பட்டன். இரண்டுக்கும் நடுவே ஸ்கிரீனில் ஒரு கோடு விழும். அப்புறம் ஸ்டீயரிங்கில் கை வைக்கவே வேண்டாம். வண்டி அந்தக் கோட்டைப் பிடித்துத் தானாகப் போகும். திருப்பத்தில் மட்டும் நாம் திருப்பிவிட வேண்டும்.

போனது. சத்தியமாக நேராகத்தான் போனது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் பிளக்கவில்லை. சாம்பிள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பல்க் ஆர்டரில்தானே வண்டவாளம் தெரியும்?

கேள்விகளை ஆரம்பித்தேன்.

"தென்னை மரத்துக்கு அடியில ஓடுமுங்களா?"

"ஓடாதுங்க மேடம். மட்டை மறைச்சா சிக்னல் கெடைக்காது. திறந்த காட்டுலதான் நம்பலாம்."

"வண்டி பழசாச்சே?"

"பவர் ஸ்டீயரிங் இருக்கறதால பிரச்சனை இல்லீங்க. ஸ்டீயரிங் ப்ளே மட்டும் சரி பண்ணிக்கோணும். ஆட்டம் இருந்தா இதுவும் ஆடும்."

"வெதைப்பு நாள்ல ரிப்பேர் ஆச்சுன்னா?"

"கோயமுத்தூர்ல இருந்து ஆள் வரோணும். அன்னிக்கே வருவாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேங்க."

உண்மையைச் சொல்லும் சேல்ஸ்மேன்! இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பொய் சொன்னாலாவது பிடித்துவிடலாம். எனக்கு அவர் மேல் சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியாக என் தொழில் கேள்வியைக் கேட்டேன். "இன்னிக்கு இந்தக் கோடு நேரா இருக்குது. அடுத்த மாசம் வெதைக்கறப்ப இதே கோடு இதே எடத்துல இருக்குமுங்களா?"

கார்த்திகேயன் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். "நல்ல கேள்விங்க மேடம். இந்த மாடல்ல, ஒரே நாள்ல ஓட்டறப்ப சாலுக்குச் சால் இடைவெளி மாறாது. ஆனா இன்னொரு நாளைக்கு வந்து இதே கோட்டைப் புடிச்சீங்கன்னா, கொஞ்சம் தள்ளி நிக்கும். அப்ப மறுபடி ஏ, பி வெச்சுக்கோணும். நகரவே கூடாதுன்னா ஊட்டுப் பக்கமா சொந்தமா ஒரு பேஸ் ஸ்டேஷன், அதாவது சிக்னலைத் திருத்தி அனுப்பற ஒரு கருவி, வெக்கற மாடல் இருக்குது, வெலை சாஸ்தி." பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு எதுக்குங்க வேணும்? வெறும் நேர் சாலுக்கா, இல்ல ஒரே கோடு வருசா வருசம் அதே எடத்துல வேணுமா?"

அண்ணன் பதில் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"நேர் சாலுக்குத்தாங்க. வேறெதுக்கு? இதுவே போதும்."

சொல்லும்போது இரண்டு கைகளையும் தோள் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார். அண்ணி காபி கொண்டுவந்து நீட்டியபோதும் வாங்கவில்லை. "அங்க வெச்சுட்டுப் போ" என்றார். ஆறி ஏடு கட்டும் வரை அது அப்படியே இருந்தது. சூடு குறைந்தால் காபியைத் திருப்பி அனுப்புகிறவர் அவர்! ஏதோ மறைக்கிறார் என்று பட்டது. என்னவென்று மட்டும் பிடிபடவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் சென்னியண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் பெரியப்பா மகன், பங்காளி. அப்பா காலத்தில் பாகம் பிரித்தபோது இரண்டு காட்டுக்கும் நடுவே விழுந்தது அந்த ஒரு வரப்புதான். மற்றபடி சென்னியண்ணனும் என் அண்ணனும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சந்தைக்குப் போனாலும் ஒரே வண்டியில்தான் போவார்கள்.

"வாம்மிணி," என்றார். "கோட்டைப் பாக்க வந்தியா, எம்பட காட்டைப் பாக்க வந்தியா?"

"ஏனுங்கண்ணா இப்படிப் பேசறீங்?"

"பின்ன? வருசத்துக்கு ஒரு சால்னு எம்பட பக்கமா வந்தாப்ல. இப்ப ஆகாசத்துல இருந்தே அளக்க ஆளக் கூட்டியாந்துட்டாப்ல."

வருஷத்துக்கு ஒரு சால். எங்கள் பக்கம் இதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. உழும்போது வரப்பில் ஒரு சால் மட்டும் சேர்த்து உழுவது. அடுத்த வருஷம் இன்னொரு சால். யாருக்கும் தெரியாது, எந்தச் சண்டையும் வராது… பேரன் தலையெடுக்கும்போது வரப்பு நடந்து போயிருக்கும். திருட்டிலேயே பொறுமையான திருட்டு.

அண்ணியைத் தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: போன வருஷ விதைப்பில் அண்ணனின் டிராக்டர் வரப்பைச் சீவிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. ஒரு முறை என்றால் கை தவறியது எனலாம். களை ஓட்டும்போதும் அதேபோல் நடந்திருக்கிறது. சென்னியண்ணன் டீக்கடையில் நான்கு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எழுந்து வந்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. தை மாதம் சென்னியண்ணன் மகளுக்குக் கல்யாணம். முதல் அழைப்பு பங்காளி வீட்டுக்குத்தான் வர வேண்டும். வரவில்லையென்றால்? அப்புறம் பிறப்பு இறப்பு எதற்கும் போக்குவரத்து கிடையாது. அண்ணி அதை நினைத்து இளைத்தே போயிருந்தாள்.

நேராக ஓட்டுகிற மனுஷன் வரப்பில் மட்டும் எப்படிக் கோணலாக ஓட்டினார்? ஏன் மறுக்கவில்லை? என் அண்ணனையே நான் சந்தேகப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெஷினை வாங்கிவிட்டார். சாதா மாடல்தான். மாட்டிய அன்றே கார்த்திகேயனை உட்கார வைத்து வரப்போரமாக ஓட்டச் சொல்லி, அந்தக் கோட்டைத் தனியாக சேவ் பண்ணிக்கொண்டாராம். அண்ணி போனில் சொன்னபோது எனக்கு மறுபடி உறுத்தியது. வெறும் நேர் சாலுக்கு வாங்கியவர் வரப்பை எதற்குச் சேமிக்கிறார்?

புரட்டாசியில் நல்ல மழை. விதைப்பு ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். கூப்பிடாமலே போய் நின்றேன்.

சென்னியண்ணன் முன்னாடியே விதைத்திருந்தார். அவர் காட்டில் மக்காச்சோளம் விரலளவு முளைத்து நின்றது. அண்ணன் டிராக்டரை வரப்போரம் நிறுத்தி, ஆவணியில் சேவ் பண்ணிய கோட்டை எடுத்துப் போட்டார். ஸ்டீயரிங்கை விட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் விதைப்புக் கருவியில் விதை விழுகிறதா என்று திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ரொம்ப நாளைக்குப் பிறகு அவரை அப்படிப் பார்த்தேன்.

வண்டி நூல் பிடித்த மாதிரிதான் போனது. ஆனால் கார்த்திகேயன் சொன்னாரே, கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று… கோடு தள்ளி நின்றிருந்தது. சென்னியண்ணன் பக்கமாக!

சக்கரம் வரப்பில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. முளைத்த சோளம் மண்ணோடு புரண்டது. அண்ணன் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

சென்னியண்ணன் ஓடி வந்து வண்டிக்கு முன்னால் குறுக்கே நின்றுவிட்டார். "நிறுத்துடா! கண்ணு முன்னாலயே ஓட்டறியாடா?"

அண்ணன் பதறிப்போனார். ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினாலே மெஷின் விட்டுவிடும். அவசரத்தில் அது தோன்றவில்லை. ஸ்கிரீனில் பட்டனை அமுக்கப் பார்த்தார். விரல் பட்டனில் விழவில்லை. மேலே விழுந்தது, கீழே விழுந்தது, காற்றில் தடவியது. கை முழுவதும் வெடவெடவென்று ஆடியது. ஒருவழியாகக் கிளட்சை மிதித்து நிறுத்தினார். சென்னியண்ணனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும்.

சென்னியண்ணன் அந்தக் கையையே பார்த்தார். "டேய்… கையி என்னடா இப்படி ஆடுது? குடிச்சிருக்கியா?"

அண்ணன் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். அண்ணிதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"குடிக்கற மனுசனுங்களா மாமா அவுரு? போன வருசத்துல இருந்து கை நடுங்குதுங். கோயமுத்தூர் போய்க் காட்டி மாத்திரை தின்னுட்டுத்தான் இருக்கறாரு. கரண்டி புடிக்க முடியல, சட்டைப் பட்டன் நான்தான் போட்டு உடறன். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்னயச் சத்தியம் வாங்கிட்டாருங்."

சென்னியண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"டீக்கடையில வெச்சு நான் உன்னயத் திருடன்னு சொன்னனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமல்லடா?"

"திருடன்னு நீங்க ஒருத்தர்தாஞ் சொன்னீங்," என்றார் அண்ணன். "கை நடுங்குதுன்னு தெரிஞ்சா குடிகாரன்னு ஊரே சொல்லுமுங்கண்ணா. அப்பறம் எவன் என்னய நம்பி வெதைக்கக் கூப்புடுவான்?"

"இதுக்கு நீ திருடனாவே இருந்திருக்கலாம்டா. திட்டிப்போட்டாவது நான் ஊட்டுக்குப் போயிருப்பேன்." சென்னியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, அழுதேன்.

அடுத்த வாரம் கார்த்திகேயன் வந்தார். "நான்தான் அன்னிக்கே கேட்டனுங்களே, எதுக்கு வேணும்னு," என்றார் பாவமாக. கேட்டார்தான். நடுங்கும் கையோடு வரப்போரம் ஓட்டிப் புதிதாக ஏ, பி வைக்க முடியாது என்றுதான் அண்ணன் பழைய கோட்டையே நம்பியிருக்கிறார்; அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார். அந்த மொத்தக் கூட்டத்தில் மறைக்காமல் பேசியது அவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் அதிகமாகச் சந்தேகப்பட்டேன்! மெஷின் வாங்கும்போது நாமெல்லோரும் இப்படித்தான். காது கேட்கவில்லை என்று சொல்லாமல், சத்தம் பெரிதாக வரும் போன் கேட்போம். முழங்கால் வலி என்று சொல்லாமல், லிஃப்ட் இருக்கும் வீடு தேடுவோம். உண்மையான தேவையை மறைத்துவிட்டால் கடைக்காரர் எதைத்தான் எடுத்துக்கொடுப்பார்?

இப்போது பேஸ் ஸ்டேஷன் மாடல். அண்ணன் வீட்டைச் சுற்றித் தென்னை மறைப்பதால், அது சென்னியண்ணனின் மோட்டார் ரூம் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவரே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் ஒரு கண்டிஷன்: வரப்புக் கோட்டுக்கு ஏ பட்டனை அண்ணன் அமுக்க வேண்டும், அந்தத் தலை வரை ஓட்டிப்போய் பி பட்டனை அவர் அமுக்குவார். நடுவில் டீலர் ஆள் கை வைக்கக் கூடாது!

அண்ணனின் விரல் ஏ பட்டனில் நிற்கவில்லை. சென்னியண்ணன் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ம், இப்ப அமுத்து" என்றார். அண்ணன் அமுக்கினார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. யாரும் குடிகாரன் என்று சொல்லவில்லை. ஐப்பசியில் இரண்டு பேர் வந்து, "நாச்சிமுத்தண்ணன் வண்டிதான் வேணும்" என்று கேட்டார்களாம்.

கல்யாண அழைப்பும் வந்துவிட்டது. வெற்றிலை பாக்குத் தட்டோடு முதல் வீடாக வந்தார்கள். எல்லாம் சுபம்… என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அன்றைக்கே சென்னியண்ணன் எனக்குப் போன் செய்து, "அம்மிணி, அந்தக் கோடு நெசமாலுமே நவுராதா? நீ விசாரிச்சுச் சொல்லு" என்றார். அவர் வைத்த கையோடு அண்ணன் போன் செய்தார். "அந்தப் பேஸ் ஸ்டேஷனு அவுரு மோட்டார் ரூம்லல்ல இருக்குது. அவுரு அதைத் திருப்பி வெச்சா கோடு நம்ம பக்கம் வந்துருமா அம்மிணி?"

பங்காளிகள் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது திடீரென்று ஒரு புது மெஷின் கேட்பார்கள். என்ன மாடல், எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் வாரண்டி என்பதையெல்லாம் அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்… முதலில் கேட்கிறவரின் கையைப் பாருங்கள்.